வெயிலில் சொன்னவை

கடைத்தெருவின் தார்ரோடு பேசத் தொடங்கியது ஒரு கோடையின் நடுவில், விளக்குப் போடும் நேரத்தில். அது முதலில் சொன்னது ஒரு குக்கரின் அசல் விலை. அன்று மத்தியானம் மொத்த வியாபாரி ஒருவர் நடு ரோட்டில் நின்று தன் கணக்கப்பிள்ளையிடம் சொன்ன விலைதான் அது. குரலும் அவருடையதேதான், மூக்கடைப்பு உட்பட. அதைக் கேட்டவர்களில் ஒருவர் அதே குக்கரை அன்று காலையில் ஒன்றரை மடங்கு கொடுத்து, ‘அண்ணனுக்காக நஷ்டத்துல தர்றேன்’ என்ற வார்த்தையையும் சேர்த்து வாங்கிப் போனவர். அவர் குனிந்து ரோட்டைப் பார்க்கவில்லை, வாய் பிளக்கவில்லை. நேராகக் கடைக்குள் ஏறினார். அதிசயம் என்று ஒன்று வந்தால் அதில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று பார்த்துவிட்டுப் பிறகுதான் ஆச்சரியப்படுவது அந்தத் தெருவின் வழக்கம்.

சில நாட்களுக்குள் ரோட்டின் குணம் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. வெயிலில் சொன்னதை அது வாங்கி வைத்துக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும், வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அதையும் கொடுத்துவிடும். சூடு தீர்ந்ததும் பேச்சும் தீரும். மறுநாள் காலை புதுச் சரக்கு. தார் மட்டுமல்ல, சிமெண்டும் பேசியது, கடைகளின் தகரக் கூரையும் பேசியது. தகரம் படபடவென்று கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். சிமெண்ட் தாமதமாக ஆரம்பித்து, ஊர் சாப்பிட்டுப் படுத்த பிறகும் முனகிக்கொண்டிருக்கும். மண் அனேகமாக எதையும் சொல்லவில்லை. புல் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நிழலில் பேசிய எதையும் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் நிழல் எங்கே இருந்தது?

ஒரு காலத்தில் தெருவின் இரு பக்கமும் மரம் இருந்தது. கோடியில் ஒரு குளம், கடைகளுக்குப் பின்னால் புல்லும் புதருமாகக் காலி மனைகள். மரங்கள் பெயர்ப் பலகைகளை மறைத்தன. அதைவிடப் பெரிய குற்றம் ஒன்றை டைல்ஸ் கடை முதலாளி கண்டுபிடித்துச் சொன்னார்: “நிழல்ல நிக்கிறவன் எதையும் வாங்க மாட்டான்யா. வெயில்ல நிக்கிறவன்தான் கடைக்குள்ள ஏறுவான்.” அது பொய்யில்லை, அவர் மரத்தை வெட்டிய மாதம் வியாபாரம் கூடியது. அடுத்த கடைக்காரரும் வெட்டினார். குளத்தை மூடிப் பேருந்து நிலையம் கட்டினார்கள், மனைகளில் தகரக் கிடங்குகள் எழும்பின. இதில் யாரையும் தனியாகப் பிடித்துத் திட்ட முடியாது. ஒவ்வொருவரும் ஒரே ஒரு மரத்தைத்தான் வெட்டினார்கள்.

மிஞ்சியது ஒரே ஒரு தூங்குமூஞ்சி மரம், பாத்திரக்கடைக்கு முன்னால். அந்தக் கடைக்காரரைத் தெருவில் எல்லோரும் ‘கடைசிவிலை’ என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தப் பேரத்திலும் இரண்டாவது வாக்கியத்திலேயே “இதுதாங்க கடைசி விலை” என்பார். அதற்குப் பிறகு இன்னும் ஐந்தாறு கடைசி விலைகள் வரும். தாராள மனசுக்காரர் என்று சொல்ல முடியாது, கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. மரம் நின்றது அதன் மேல் இருந்த பிரியத்தால் அல்ல, வெட்டுக்கூலி படியாததால். ரோடு பேசத் தொடங்கியதும் அந்த மரத்துக்குத் திடீரென்று மவுசு வந்தது. அசல் விலை பேசுகிறவர்கள், கூட்டாளியை ஏமாற்ற யோசிக்கிறவர்கள், பெண் பார்த்துவிட்டு வந்து உண்மையான அபிப்பிராயத்தைச் சொல்கிறவர்கள் எல்லோரும் அதன் அடியில் வந்து நின்றார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை பாத்திரக்கடை வாசலில் நெரிசல். உள்ளே ஒரு கரண்டி விற்கவில்லை. கடைசிவிலை நிழலுக்கு வாடகை கேட்டுப் பார்த்தார். பேரம் படியவில்லை.

“ஊர்ல இருக்கிறவன் ரகசியத்துக்கெல்லாம் நான் ஏன் குடை பிடிக்கணும்?” என்று கேட்டுவிட்டு, கேட்ட கூலியைக் கொடுத்து மரத்தை வெட்டினார். அடிக்கட்டையையும் பெயர்த்து எடுத்து, வாசற்படியிலிருந்து ரோடு வரை சிமெண்ட் தளம் போடச் சொன்னார். அண்டாக்களையும் குடங்களையும் வெளியே அடுக்கி வைக்கலாம் என்பது திட்டம். நிழல் போன வியாபாரிகள் தங்களுக்கு வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். கையின் மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசும் பழைய முறை கால்நடைச் சந்தையில் இன்னும் இருந்தது. அதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். நடு மத்தியானத்தில் நூறு பேர் கூடிய தெருவில் ஒரு சத்தம் இல்லை. துண்டுகள் மட்டும் அசைந்தன. ரோட்டின் வாயை அடைத்துவிட்டோம் என்று திருப்திப்பட்டார்கள். சூட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அது எல்லோருக்கும் பொதுவாக இருந்ததால் யாருடைய நஷ்டத்திலும் அது சேரவில்லை.

சிமெண்ட் தளம் போட்ட மறுநாள், இன்னும் ஈரம் காயாத தளத்தின் ஓரத்தில் கடைசிவிலை காவலுக்கு நின்றார். முந்தின நாள் ஒரு நாய் குறுக்கே நடந்து பாதம் பதித்துவிட்டிருந்தது. இன்னொரு நாயை விடுவதாக இல்லை. தலைக்கு மேல் மரம் இருந்த இடத்தில் இப்போது வெறும் வானம். வெகுநேரம் நின்றார். பிறகு கடைக்குள் இருந்த மனைவியைப் பார்த்து, “இந்தா, ஷட்டரைப் பாதி இறக்கு, வெயில் உள்ள வருது” என்றார். அவள் இறக்கினாள். பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. சற்று நேரத்தில் அந்தக் கால்கள் நீட்டிக்கொண்டன. உட்கார்ந்துவிட்டார்போல என்று நினைத்து, அவள் தன் பாட்டுக்குச் சொம்புகளைத் துடைத்து அடுக்கினாள். எல்லாச் சொம்புகளையும் துடைத்த பிறகு ஒன்றில் தண்ணீர் மொண்டுகொண்டு, குனிந்து வெளியே வந்தாள். அவர் ஈரச் சிமெண்டில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தார். உடம்பு சுட்டது, உயிர் இல்லை.

காரியங்கள் முடிந்து கடையைத் திறந்த நாளின் மாலையில், விளக்குப் போட்டுச் சற்று நேரம் கழித்து, சிமெண்ட் தளம் அவருடைய குரலில், “இந்தா, ஷட்டரைப் பாதி இறக்கு, வெயில் உள்ள வருது” என்றது. வெளியே வெயில் போய் வெகுநேரமாகியிருந்தது. அவள் எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கினாள். மறுநாளும் சொன்னது, மறுநாளும் இறக்கினாள். மற்ற பேச்செல்லாம் அன்றன்றைக்குத் தீர்ந்துவிடும் சரக்கு. இது ஈரத்தில் இறங்கி, சிமெண்டோடு சேர்ந்து இறுகிவிட்டதால் தீரவே இல்லை, நாயின் பாதத்தைப்போல. மழைக்காலத்தில் குரல் கம்மும், மேகம் மூடிய நாட்களில் வராது. கோடையில் தெருமுனை வரை கேட்கும். அந்தத் தெரு யாருக்கும் சலுகை கொடுக்காத தெரு. ஆனால் அந்த ஒரு நிமிடம் மட்டும் தராசில் கை வைத்திருப்பவர்கள் கையை எடுத்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள். புதிதாக வந்த வாடிக்கையாளர் யாராவது “யாருங்க அது?” என்று கேட்டால், “பாத்திரக்கடைக்காரர்” என்று பதில் வரும். உயிரோடு இருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையிருப்பதாகவும் தோன்றவில்லை.

வருடங்கள் போயின. மகன் கடையை எடுத்துக்கொண்டான், கல்யாணம் ஆயிற்று. பாத்திரக்கடை அக்கா என்று தெரு அழைத்த அந்த அம்மாள் கல்லாவிலிருந்து எழுந்து ஷட்டர் ஓரத்து முக்காலிக்கு மாறினாள். வீடு கடைக்கு மேலேதான், மேற்குப் பார்த்த ஒற்றை அறை, தகரக் கூரை. பின்பகல் முழுக்க வெயில் சிமெண்ட் தளத்தில் விழுந்து அங்கிருந்து எகிறி அந்த அறையின் சுவரில் அடிக்கும். மருமகளுக்கு முதல் பிள்ளை ஒரு கோடையில் குறைமாதத்திலேயே தங்காமல் போயிற்று. டாக்டர் சூட்டைத்தான் காரணமாகச் சொன்னார், அதுவும் தயங்கித்தான். அதற்கு அடுத்த ஆண்டு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஏசி வாங்கி மாட்டினார்கள். அது அறையின் சூட்டை எடுத்துத் தெருவில் கொட்டியது. தெரு இன்னும் சுட்டதால் அடுத்த வீட்டுக்காரரும் ஒன்று வாங்கி, தன் பங்குக்குக் கொட்டினார். எல்லோரும் கொட்ட ஆரம்பித்ததும் மத்தியானங்களில் மின்சாரம் நிற்கத் தொடங்கியது. மருமகளின் தாய்வீட்டுக்குக் குழந்தையை அனுப்பலாம் என்றால் அதுவும் இதேபோல ஒரு கடைத்தெருவின் மாடிதான். இரண்டாவது கோடையில் குழந்தைக்கு உடம்பு கொதித்து வலிப்பு கண்டது. பிழைத்துக்கொண்டது. டாக்டர் இந்த முறை தயங்கவில்லை. “இன்னொரு கோடையை இந்த ரூம்ல இது தாங்கும்னு நான் சொல்லமாட்டேன்” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சியிலிருந்து ஒரு பெண் பொறியாளர், துப்பாக்கி மாதிரியான ஒரு வெப்பமானியோடு வந்தார். தரையைக் குறிபார்த்து விசையை அழுத்தினால் அதில் எண் விழும். தாரின் எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். தகரத்தின் எண்ணைப் பார்த்துக் குடை விரித்துக்கொண்டார். தெருவுக்குப் பின்னால், மதிலுக்கு அந்தப் பக்கம் பழைய இடுகாடு இருந்தது. வெட்டினால் லாபமில்லாத இடம் என்பதால் மரமும் புல்லும் இன்னும் பாக்கியிருந்தன. அங்கே போய்ப் புல்லின் மேல் அழுத்தியபோது, எண் தாரில் விழுந்ததில் பாதிதான் இருந்தது. கருவி பழுதோ என்று இரண்டு முறை தட்டிப் பார்த்தார். கூடப் போன டைல்ஸ் கடை முதலாளி, “இங்க எல்லாம் பேச்சே கிடையாதும்மா. செத்தவங்க வாயை மூடிட்டுக் கிடக்கிறாங்க, எங்க ரோடுதான் அடங்கமாட்டேங்குது” என்றார். வியர்வையைத் துடைத்தபடி, வந்த வேலை முடிந்தும் அந்த மர நிழலை விட்டு வெளியே வர முதலாளிக்கு மனமில்லை.

பொறியாளரின் திட்டம் எளியது: ஒவ்வொரு கடைக்கும் முன்னால் சிமெண்டைப் பெயர்த்து மண்ணைத் திறப்பது, மரம் வைப்பது, தகரத்தின் மேல் செடிகொடி படரவிடுவது. அந்தக் கோடையில் சுமைதூக்கிகள் சிலர் மூட்டையோடு விழுந்து எழாமலே போயிருந்ததால் ஒருவரும் எதிர்க்கவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே நிபந்தனை வைத்தார்கள். மரம் பக்கத்துக் கடைக்கு முன்னால் நிற்கட்டும், நிழல் தன் கடைக்கு வரட்டும். ஒருவர் தன் எதிர்வரிசைக்காரருக்கு இரண்டு மரங்களை மனமுவந்து விட்டுக்கொடுத்தார். பொறியாளர் மேப்பை விரித்து வைத்துக்கொண்டு சூரியன் எந்த மாதம் எங்கே இறங்கும் என்று விளக்கினார். அவர்கள் அதிலும் பேரம் பேசினார்கள். ஒருவழியாக எல்லாக் குழிக்கும் இடம் குறித்தாயிற்று, ஒன்றைத் தவிர. பாத்திரக்கடையின் மாடியறைக்கு நிழல் வர வேண்டுமானால் மரம் அந்தக் கடையின் வாசலில்தான் நிற்க வேண்டும். அடுத்த கடையின் மரம் எதுவும் அதற்கு உதவாது.

“பாதியை உடைச்சுக்குங்க. அவர் படுத்திருந்த பக்கத்தை மட்டும் விட்ருங்க” என்றாள் பாத்திரக்கடை அக்கா.

“பாதி இடத்துல வேர் நிக்காதும்மா. மிச்ச பாதி சுட்டுக்கிட்டேதான் இருக்கும்.”

“அப்ப கால்வாசி விடுங்க.”

பொறியாளர் எல்லாக் கடையிலும் பேசிக் களைத்துப்போய் வந்தவர். இங்கே மட்டும் பேரத்தை விட்டுவிட்டு மேப்பைச் சுருட்டினார். மகன் நடுவில் நின்று இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, இருந்த ஒரே வாடிக்கையாளரிடம் விலை சொல்லப் போனான்.

மருமகள் அன்று பின்பகலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே வந்து, முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தை வேர்க்குருவைச் சொறிந்து சொறிந்து ஓய்ந்துபோய்த் தோளில் கிடந்தது.

“அத்தை, மாமாவைத் தூக்கிப் போடுங்கன்னு நான் சொல்லல.”

“சொன்னா மட்டும் கேட்டுடுவேனா?”

“மாட்டீங்க. அதான் சொல்லல. நான் வந்த நாள்லேர்ந்து நானும் அந்தக் குரலைக் கேக்கிறேன். கோவமா சொன்ன மாதிரியே இல்ல. உங்களுக்கு வெயில் படுதேன்னு சொன்ன மாதிரி இருக்கு.”

அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு வருடங்களில் அந்த வாக்கியத்தை அவள் அப்படிக் கேட்டதில்லை. அவளுக்கு அது எப்போதும் ஒரு வேலையாகத்தான் இருந்தது, தான் உடனே செய்து முடித்த வேலை. செய்து முடித்ததால்தான் அவர் விழுந்ததைப் பார்க்காமல் போன வேலை. குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

மறுநாள் கொத்தனாரை வரச்சொன்னாள். தளத்தை உடைக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து அவர் கடப்பாரையோடு வந்தார். அக்கா தளத்தின் நடுவில் ஓடிய வெடிப்பைக் காட்டி, அதில் சிமெண்ட் வைத்துப் பூசச் சொன்னாள்.

“என்னக்கா, உடைக்கப்போற தரைக்கு எதுக்குப் பூச்சு? பொணத்துக்கு ஊசி போடுற மாதிரில்ல இருக்கு.”

“உனக்குக் கூலி ரெண்டு தடவை. பூசுறதுக்கு ஒண்ணு, உடைக்கிறதுக்கு ஒண்ணு. வாயை மூடிக்கிட்டுப் பூசு.”

இரண்டு கூலி என்றதும் கொத்தனாருக்கு அதில் இருந்த நியாயம் விளங்கிவிட்டது. வெயில் உச்சியில் இருந்தது. பூசி முடித்து அவர் கரண்டியைக் கழுவப் போனதும், அக்கா தளத்தில் இறங்கி, புடவையை ஒதுக்கிக்கொண்டு, ஈர வெடிப்புக்குப் பக்கத்தில் முட்டி போட்டாள். தளத்தின் சூடு முட்டியைச் சுட்டது. குனிந்து, வாயைச் சிமெண்டுக்குக் கிட்டே கொண்டுபோய் ஏதோ சொன்னாள். எதிர்க்கடைக்காரர்கள் துண்டுக்குள் பிடித்த விரலோடு அப்படியே நின்று பார்த்தார்கள். என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. தளத்தின் சூடு ஏறிய முகத்தோடு எழுந்து உள்ளே போனாள்.

பூச்சு இறுகும் வரை பொறியாளரிடம் அவகாசம் கேட்டாள். பொறியாளர் கேள்வி கேட்காமல் கொடுத்தார். அது காய்ந்த நாளின் மாலையில் தெரு முழுக்கக் கடைவாசல்களுக்கு வந்து நின்றது. விளக்குப் போட்டுச் சற்று நேரம் கழித்து, வழக்கம்போல, “இந்தா, ஷட்டரைப் பாதி இறக்கு, வெயில் உள்ள வருது” என்றது தளம். பிறகு, அதுவரை எந்த மாலையிலும் கேட்காத ஒரு பெண்குரல், “இறக்கிட்டேன். நீங்களும் உள்ள வாங்க” என்றது. அதற்குமேல் தளம் எதுவும் சொல்லவில்லை. டைல்ஸ் கடை முதலாளி செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டார். அக்கா முக்காலியில் உட்கார்ந்தே இருந்தாள். முதல் முறையாக ஷட்டரைத் தொடவில்லை. காலையில் கொத்தனார் வந்ததும், “உடை” என்றாள். நாயின் பாதமும் சேர்ந்து பெயர்ந்து வந்தது.

சிமெண்டுக்கு அடியில் மண் கறுப்பாக, பழைய வேரின் நாரோடு இருந்தது. தண்ணீர் ஊற்றியதும் வெகுநேரம் உறிஞ்சிற்று. மரம் வளரட்டும் என்று மருமகள் காத்திருக்கவில்லை. பூசணி விதையை ஊன்றி, கயிறு கட்டி மாடிக்கு ஏற்றினாள். மழை முடிவதற்குள் தகரக் கூரை தெரியாத அளவுக்கு இலை மூடிவிட்டது. வெடித்த பூசணிக்காய்களைக் கடையில் கொசுறாகக் கொடுத்தார்கள். அடுத்த கோடையின் முதல் மத்தியானத்தில் குழந்தை மாடியறையில் தூங்கியது, மின்சாரம் இல்லாமல், விசிறியும் இல்லாமல். மருமகள் பயந்துபோய் மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு சீராக வந்தது. அக்காவைக் கூப்பிட்டாள். இருவரும் தொட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அது எழுந்திருக்கும் வரை கீழே வியாபாரத்தைக் கவனிக்கவில்லை. தூங்குமூஞ்சிக் கன்று சில மழைகளில் ஜன்னலைத் தொட்டது, பிறகு தாண்டியது. மற்ற மரங்களும் ஒன்றன் நிழலை ஒன்று பிடித்துக்கொண்டதில், பேரம் பேசிப் பிரித்த நிழலில் எது யாருடையது என்று சொல்ல முடியாமல் போயிற்று. தார்ரோடு வருடத்துக்கு வருடம் பேச்சைக் குறைத்தது. கடைசியாக அது சொன்னது ஏதோ ஒரு போர்வையின் விலை, அதையும் பாதியில் விட்டுவிட்டது. துண்டுகள் தோளுக்குத் திரும்பின. வியாபாரிகள் மறுபடி வாய்விட்டுப் பொய் சொன்னார்கள். வாடிக்கையாளர்களுக்கும் அது நிம்மதியாகவே இருந்தது.

உடைத்த சிமெண்டை நகராட்சி லாரி அள்ளிக்கொண்டு போயிருந்தது. தளத்தோடு குரலும் போயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், அக்காவும் அப்படி நினைத்துத்தான் உடைக்கச் சொன்னாள். அந்தச் சல்லியை ஊர் எல்லையில் புதிதாகப் போட்ட லாரி நிறுத்தத்தில் கொட்டிச் சமன் செய்திருக்கிறார்கள். ஒற்றைச் செடி இல்லாத பொட்டல் அது. பாத்திரம் ஏற்ற வந்த லாரி டிரைவர் ஒருவர், டீ குடிக்கிற நேரத்தில், அங்கே பொழுது சாய்ந்தால் தரை பேசுகிறது என்று விலைவாசி சொல்வதுபோலச் சொன்னார். ஒரு ஆம்பளை ஏதோ இறக்கச் சொல்றாரு, ஒரு பொம்பளை உள்ள வாங்கன்னு கூப்பிடுது, தினமும் இதேதான், புருஷன் பொண்டாட்டி போல. மகன் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தான்.

“வண்டி எடுக்கட்டுமாம்மா? ஒரு தடவை போய்க் கேட்டுட்டு வந்துடலாம்.”

அக்கா பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னலை முடித்து நாடா கட்டினாள்.

“அங்க மரமே இல்லையா?” என்று கேட்டாள். ஆமாம் என்றார் டிரைவர். “அப்படின்னா மரக்கன்னு கொடுத்துவிடு. வண்டியில எத்தனை ஏறுமோ அத்தனை. ரெண்டு பேரையும் எவ்வளவு நாள் வெயில்ல நிறுத்தி வைக்கிறது?”

கன்றுகள் போய்ச் சேர்ந்தன. டிரைவர்கள் முறைவைத்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மிச்சமிருப்பதை ரேடியேட்டருக்கும் ஊற்றுகிறார்கள். அந்தப் பொட்டலில் நிழல் விழ இன்னும் சில வருடங்களாகும். அதுவரை, அங்கே நிற்கும் எந்த லாரியும் பொழுது சாய்ந்ததும் உடனே கிளம்புவதில்லை. இருவரும் பேசி முடித்த பிறகுதான் டிரைவர்கள் எஞ்சினைப் போடுகிறார்கள்.